வாசலைப் பார்த்து நின்ற தூண்

வாகீசன் இருபத்துநாலு வருடமாகப் பொய் உத்தரம் பொருத்திச் சீவித்தவர். இதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ரொறன்ரோவின் எற்றோபிக்கோப் பகுதியில், பெரிய மரங்கள் கவிந்த சில வீதிகளில், வெள்ளைச் சாந்துச் சுவரும் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புச் சட்டங்களுமாக, பழைய இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றி வந்தவைபோல வீடுகள் வரிசையாக நிற்கும். உள்ளே அவை எல்லாம் நல்ல செங்கல் வீடுகள். கறுப்புச் சட்டம் என்பது ஒரு இஞ்சி, ஒரே அங்குலத் தடிப்புப் பலகை. அது எதையும் தாங்குவதில்லை. வீடுதான் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பலகை உக்கிப்போகும். வாகீசன் தன் வான் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு போய்ப் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவார். ஸ்குறூ என்ற திருகாணியின் தலை தெரியாமலிருக்க அதன்மேல் ஒரு வட்ட மரத்துண்டை ஒட்டி, அந்தக் காலத்து மர ஆணிபோலக் காட்டுவதில் அவரை அடிக்க ரொறன்ரோவில் ஆளில்லை. வீட்டுக்காரர் அதை விரலால் தடவிப் பார்த்து "அசல்!" என்று மகிழ்வார்கள். வாகீசனும் பணிவாகத் தலையாட்டுவார்.

இப்படி வாழ்ந்த ஒருவர், தனக்கென்று அசல் மரவீடு ஒன்றை வாங்கிவிட்டு அதையும் பொய் என்று நம்பியதில் அதிசயம் இல்லை. அந்த வீட்டிலும் ஒரு பொய் இருக்கத்தான் செய்தது. அவர் தேடிய இடத்தில் அது இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வீடு மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கொஞ்சம் தெற்கே இருந்தது. சுற்றிவர எண்பதுகளில் கட்டிய, ஒன்றையொன்று பார்த்து எழுதினதுபோன்ற இரட்டைக் கராஜ் வீடுகள். நடுவில் இது மட்டும் தோளைச் சரித்துக்கொண்டு, மற்றவர்கள் போட்டோவுக்கு நிற்கும்போது தற்செயலாக உள்ளே வந்துவிட்டவரைப்போல நின்றது. தோமஸ் கிறிம்வூட் என்ற இங்கிலாந்துத் தச்சன் 1854இல் தன் கையால் கட்டியதாம். அப்போது சுற்றிவர வயலாம். பிறகு வந்தவர்கள் வெளிப்புறத்தை அலுமினியத் தகட்டால் மூடினார்கள். உட்புறத்தை ட்ரைவோல் என்கிற சுண்ணப் பலகையால் மூடினார்கள். கடைசியாக நகரசபை, இது பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் சேர்த்து அதன் எதிர்காலத்தையும் மூடியது. இனி இடிக்க முடியாது என்றதும் வாங்க வந்த கட்டடக்காரர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் வீடு வாகீசனின் கைக்கு எட்டியது. சட்டத்தரணி பட்டியலைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினார். வாகீசன் இருபது நிமிடமும் தலையாட்டினார். அது அவருக்குப் பழகிப்போன வேலை.

சிக்கல் நடுக்கூடத்தில் நின்றது. வீதிப் பக்கத்து முன்கதவைத் திறந்தால் ஆறடி தூரத்தில், நெஞ்சுக்கு நேரே, ஒரு தூண். முக்கால் அடிச் சதுரம். அதன் தோளிலிருந்து மேலே சரிந்து போகிற ஒரு சாய்வுக்கட்டை. இரண்டுக்கும் கபில நிறத்தில் மினுங்குகிற பெயின்ற், அப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினதுபோலத் தாராளமாக.

அவருடைய மனைவி புனிதவதி, முதல்முதல் வீடு பார்க்க வந்த அன்று, கதவுக்கு வெளியேயே நின்றுவிட்டார்.

"இஞ்சரப்பா, வாசலுக்கு நேர தூண் நிக்குது."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? குத்து. நான் உதுக்குள்ள பால் காய்ச்ச மாட்டன்."

புனிதவதியைச் சும்மா சகுனம் பார்க்கிற மனுஷி என்று யாரும் நினைக்கக்கூடாது. ஸ்காபரோவில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவர். எந்த முடிவையும் இரண்டு தரம் சோதிக்காமல் எழுதாதவர். இராசிபலன் கேட்டால் சிரிப்பார். பல்லி விழுந்தால் பல்லிக்குத்தான் இரங்குவார். ஆனால் வாசலுக்கு நேரே கம்பமோ தூணோ நிற்கக்கூடாது என்ற விஷயத்தில் அவர் கையில் ஆதாரம் இருந்தது. அவர்கள் அதுவரை இருந்த வோபர்ன் வீட்டு வாசலுக்கு நேரே ஒரு மின்கம்பம். பதினோரு வருடத்தில் மூன்று தரம் பேஸ்மன்றுக்குள் வெள்ளம்.

"அது குழாய் வெடிச்சதப்பா," என்பார் வாகீசன்.

"அந்த றோட்டில நாப்பது வீடு. எங்கட குழாய் மட்டும் ஏன் மூண்டு தரம் வெடிச்சது?"

விஞ்ஞானம் படித்தவர்களோடு சகுனம் பற்றி வாதாடுவது மிகக் கஷ்டம். அவர்களிடம் எண்ணிக்கை இருக்கும்.

அன்று வாசலில் வைத்து வாகீசன் ஒரு வாக்குக் கொடுத்தார். தன் தொழில் அனுபவம் முழுவதையும் குரலில் வைத்துக் கொடுத்தார். "புனிதம், உது சும்மா அலங்காரத் தூண். எண்பதுகளில உப்பிடி வைக்கிறது ஒரு பைத்தியம். நான் நூறு கழட்டியிருக்கிறன். ஒரு சனிக்கிழமை வேலை. நீர் பால் காய்ச்ச வரேக்க தூண் இராது."

"நிச்சயமோ?"

"என்ர தொழிலப்பா இது."

அந்த வாக்கை நம்பித்தான் புனிதவதி கையெழுத்துப் போட்டார். வோபர்ன் வீடு விற்றாயிற்று. ஓகஸ்ட் முடிவில் சாவியைக் கொடுக்கவேண்டும். பிள்ளைகள் இரண்டும் வேலையென்று வேறு நகரங்களில். தூண் போனால் இருவரும் மில்லிக்கனுக்கு. போகாவிட்டால் தான் ரெக்ஸ்டேலில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போவதாகப் புனிதவதி சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. பரிசோதனை முடிவை வாசிக்கிற குரலில் சொன்னார். வாகீசனுக்கு அதுதான் பயம்.

*

யூலை மாதத்து முதலாவது சனிக்கிழமை காலை வாகீசனும் நிஸ்தாரும் தூணுக்கு முன்னால் நின்றார்கள். நிஸ்தார் ட்ரைவோல் போடுகிறவர். பதினாறு வருடமாக வாகீசனோடு வேலை. கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

நிஸ்தார் தூணை முட்டியால் தட்டிப் பார்த்தார். "மச்சான், இது பெட்டி மாதிரிக் கேக்கல்ல. உள்ள ஏதோ இருக்கு."

"பெயின்ற் தடிப்படா. இஞ்ச பார்." வாகீசன் சாய்வுக்கட்டை தூணோடு சேருகிற இடத்தைக் காட்டினார். பெயின்றுக்குக் கீழே இரண்டு வட்டங்கள் தெரிந்தன. "இதுக்குப் பின்னால ஸ்குறூ. நானும் இப்பிடித்தானே மூடுறனான்? வட்டத்தை எடுத்தால் ஸ்குறூ வரும், ஸ்குறூவை எடுத்தால் கட்டை வரும், கட்டை வந்தால் தூண் வரும்."

"தூண் வந்தா வீடு வருமோ?"

"வாயைக் கழுவு."

வாகீசன் முதல் வட்டத்தில் ட்ரில்லை வைத்தார். அரை இஞ்சி போனது. ஸ்குறூ இல்லை. ஒரு இஞ்சி. இல்லை. ஆழமாக வைத்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு அழுத்தினார். மரத்தூள் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. மூன்று இஞ்சியில் ட்ரில்லின் அலகு முடிந்தது. வானுக்குப் போய் நீளமான அலகு எடுத்து வந்தார். ஐந்து, ஆறு.

"மச்சான்," என்றார் நிஸ்தார், "ஸ்குறூ பின்வளவில நிக்குது போல. நான் போய் அங்கால பிடிக்கட்டோ?"

வாகீசன் இன்னும் அழுத்தினார். இருபத்துநாலு வருட அனுபவம் உள்ளவன் ஆறு இஞ்சியில் நிற்கமாட்டான். அனுபவம் இல்லாதவன் நின்றிருப்பான். தூணின் மறுபக்கத்தால் அலகு வெளியே வந்தது. நடுவில் ஒரு உலோகமும் இல்லை. முழுக்க முழுக்க மரம். இரண்டாவது வட்டத்துக்குள்ளும் ஒருவேளை இருக்கும் என்று அதையும் துளைத்தார்.

அந்த வட்டங்கள் உண்மையான மர ஆணிகளின் தலைகள். இரண்டாவது ஆணியின் மிச்சம் கீழே விழுந்த கையோடு, வீடு பேசியது. அது ஒரு நீண்ட முனகல். தூங்குகிற கிழவனின் காலுக்கு அடியில் இருந்த தலையணையை இழுத்தால் வருமே, அப்படி. சாய்வுக்கட்டை கூட்டுக்குள்ளிருந்து அரை இஞ்சி வழுக்கி இறங்கியது. மேல்மாடியில் ஒரு அறைக்கதவு யாரும் தொடாமல் மெல்லத் திறந்தது.

"யா அல்லாஹ்! பொய்த்தூண் எண்டா ஏன் மச்சான் கத்துது?"

ஐம்பத்தேழு வயதில் வாகீசன் ஓடின ஓட்டத்தை நிஸ்தார் பிறகு பல பேருக்கு நடித்துக் காட்டினார். வானிலிருந்து இரண்டு இரும்பு ஜக்குகள், பாரத்தைத் தூக்கிப் பிடிக்கிற முட்டுகள், வந்தன. நாலு நிமிடத்தில் கட்டைக்குக் கீழே ஒன்று, உத்தரத்துக்குக் கீழே ஒன்று. வீடு விழவில்லை. விழுகிற எண்ணமும் அதற்கு இருக்கவில்லை. ஒரு மூட்டுத் தளர்ந்தது, அதைச் சொன்னது, அவ்வளவுதான். ஆனால் அதை உறுதிப்படுத்தக் கூரைப்பக்கத்து ட்ரைவோலை உடைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அந்த முனகல் எதுவரை போயிற்று என்று அறியக் கிழக்குச் சுவரின் ட்ரைவோலையும் மேலிருந்து கீழ்வரை உரித்தார்கள்.

தூசி அடங்கியதும் வாகீசன் ஏணியில் ஏறி ரோர்ச் அடித்தார். தூணின் தலையில் ஒரு அடிச் சதுர உத்தரம் வீட்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே மரமாக ஓடியது. கோடரி கொத்திய தழும்பு வரிவரியாக இருந்தது. ஒரு மரத்தில் குழி, மற்ற மரத்தில் அதற்குள் போகிற நாக்கு, இரண்டையும் குறுக்கே துளைத்து அடித்த மர ஆணி. எங்கும் இதே ஏற்பாடு. முழுக்கூட்டிலும் ஒரு இரும்பு ஆணியைக்கூட அவர் காணவில்லை. அவர் ஆயுள் முழுவதும் எதன் படத்தை வரைந்து விற்றாரோ அது தலைக்குமேல் இருந்தது.

"என்ன மச்சான், ஒண்டும் பேசுறாயில்ல?"

"உண்மையானதடா," என்றார் வாகீசன், யாரோ ஏமாற்றிவிட்டதுபோல.

*

மறைப்பதற்கு ஆயிரம் வழி தெரிந்தவர்தான். பெயின்றும் துளை அடைக்கிற புட்டியும் வானிலேயே இருந்தன. ஆனாலும் திங்கட்கிழமை காலை வாகீசன் தானே நகரசபைப் பாரம்பரியப் பிரிவுக்குப் போன் எடுத்தார். ஏனென்று பின்னாளில் நிஸ்தார் கேட்டதற்கு, "அந்தத் தூணுக்கு முன்னால பொய் சொல்ல ஒரு மாதிரி இருந்தது," என்றார். மற்றத் தூண்களுக்கு முன்னால் அவருக்கு அப்படி இருந்ததில்லை.

வந்த அதிகாரியின் பெயர் சுபாங்கி. முப்பது வயது இராது. இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. வெள்ளைக்கார அதிகாரி வருவார், இங்கிலிஷில் திட்டு வாங்கலாம், பாதி விளங்காது என்று ஆறுதலாக இருந்த வாகீசனுக்கு இது எதிர்பாராத அடி.

"அங்கிள், ஒரு கேள்வி. ஏன்?"

"ஸ்குறூ தேடினனான் பிள்ளை."

"ஸ்குறூவா? ஓ மை கோட். அங்கிள், இது எயிற்றீன் ஃபிஃப்ரி ஃபோர்!"

"இப்ப தெரியும்."

அவள் ஜக்குகளைச் சுற்றி நடந்தாள், படமெடுத்தாள், துளைக்குள் விரலை விட்டாள், உத்தரத்தைப் பார்த்து ஒருதரம் தன்னை மறந்து "சோ பியூற்றிஃபுல்" என்றாள். பிறகு அதிகாரியாகத் திரும்பி வந்தாள். "நீங்களா கோல் பண்ணினதால நான் இதை டமேஜ் எண்டு எழுதேல்ல, றிப்பெயர் எண்டு எழுதுறன். ஆனா அதே மாதிரி மர ஆணி, அதே ஓக் மரத்தில. ஸ்குறூ இல்ல, க்ளூ இல்ல. நான் வந்து பாப்பன்."

"அது செய்யலாம். பிள்ளை, இந்தத் தூணை ஒரு ரெண்டடி அங்கால..."

"நோ."

"ஒரு அடி?"

"அங்கிள், தூண் பட்டியலில இருக்கு. ஐற்றம் ஃபோர். உங்கட வீட்டில உங்களை விட அதுக்குத்தான் கூட றைற்ஸ்."

"எனக்குச் சிற்றிசன் எடுக்க ஆறு வருசம் பிடிச்சது," என்றார் வாகீசன் தூணைப் பார்த்து.

அடுத்த இரண்டு நாளும் அவர் கராஜில் இருந்து ஓக் ஆணி சீவினார். அதைப் பொருத்தப் போனபோது இன்னொரு விநோதம். தூணில் இருந்த துளையும், கட்டையின் நாக்கில் இருந்த துளையும் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை. கால் இஞ்சி விலகி நின்றன. கட்டையை எவ்வளவு தூக்கினாலும் விலகல் போகவில்லை.

"பார் நிஸ்தார்! ஒரு ஓட்டையை நேராப் போடத் தெரியாத மனுஷன். இவனைத்தான் பெரிய தச்சன் எண்டு பட்டியல் போட்டிருக்கினம்."

"உனக்கு முன்னோர் போல," என்றார் நிஸ்தார்.

வாகீசன் எரிச்சலில் ஆணியின் நுனியைக் கூராகச் சீவி, வருவது வரட்டும் என்று கோணல் துளைக்குள் வைத்துப் பெரிய மரச்சுத்தியலால் அடித்தார். நாலாவது அடியில் விஷயம் விளங்கியது. கோணல் துளைக்குள் ஆணி வளைந்து புகப் புக, அது நாக்கை உள்ளே இழுத்தது. வழுக்கி இறங்கிய கட்டை தானாக ஏறிப்போய்த் தூணின் தோளில் 'டக்' என்று உட்கார்ந்தது. ஜக்கு ஆடத் தொடங்கியது. அதற்கு இனி வேலையில்லை. நேராகத் துளைத்திருந்தால் ஆணி சும்மா இருந்திருக்கும். கோணலாகத் துளைத்ததால் நூற்றெழுபது வருடமாக இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. கிறிம்வூட் வேண்டுமென்றே பிழையாகச் செய்திருக்கிறான்.

வாகீசன் மேலே போய் அந்த அறைக்கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்தினது சாத்தினபடி நின்றது.

*

தூண் நிலைத்துவிட்டது. இனி வாக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தது. வோபர்ன் வீட்டுக் குசினியில், பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவில், வாகீசன் நடந்ததைச் சொன்னார். புனிதவதி பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தூண் போகாது."

"போகாதப்பா. வீட்டைத் தாங்குறது அது. சட்டமும் விடாது."

"நிச்சயமோ?"

அன்று வாசலில் கேட்ட அதே சொல். இம்முறை அவர் பதில் சொல்லமுன் தண்ணீர் குடித்தார். "நிச்சயம்."

"நல்லது. பொய் சொல்லாமல் சொன்னீங்கள்." புனிதவதி ஒரு பெட்டியை ஒட்டுநாடா போட்டு ஒட்டினார். அதன்மேல் கறுப்புப் பேனையால் எழுதினார். வாகீசன் எட்டிப் பார்த்தார். 'ரெக்ஸ்டேல்' என்று இருந்தது.

அந்தக் கிழமையின் மிச்ச நாளெல்லாம் வாகீசன் பரிகாரம் விசாரித்துத் திரிந்தார். கோயில் ஐயர் தூணில் ஒரு கண்ணாடி மாட்டச் சொன்னார். வேலையிடத்துச் சிநேகிதர் ஒருவர் தூணுக்கு முன்னால் திரைச்சேலை போடலாம் என்றார். இன்னொருவர் பிள்ளையார் படம்.

"பிள்ளையாரை ஏன் உங்கட பிழைக்குள்ள மாட்டிவிடுறியள்?" என்றார் புனிதவதி. "கொலஸ்ரரோல் கூடினால் றிப்போட்டுக்கு மேல ஸ்ரிக்கர் ஒட்டுறதோ?"

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை அவரே சொன்னார், "ஒருக்காப் பாப்பம், வாங்கோ." ஒரு பரிசோதனையோடு முடிவெழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. வாகீசன் வானை மிக மெதுவாக ஓட்டினார், சூப்புச் சட்டியோடு போகிறவர்போல.

புனிதவதி முன்கதவால் போகவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கத்துக் குசினிக் கதவால் நுழைந்து, கூடத்துக்கு வந்து, தூணுக்கு முதுகைக் காட்டி நின்றார். அதனால் அவர் கண் நேரே போய் விழுந்தது கிழக்குச் சுவரில். ட்ரைவோல் உரித்த இடத்தில் கிறிம்வூட்டின் மரங்கள் வெளிப்பட்டு நின்றன. வாகீசன் அந்தச் சுவரை எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பார்த்தது மரத்தை. புனிதவதி பார்த்தது மரம் இல்லாத இடத்தை.

"இஞ்சரப்பா. இதில என்ன கழட்டினனீங்கள்?"

"எதில?"

"மேல ரெண்டு ஓட்டை. சதுரமா. ஒண்டும் இல்லாமல் கிடக்கு."

"நான் ஒண்டும் கழட்டேல்ல."

"ஸ்குறூ தேடினனீங்களோ?"

"சத்தியமா இல்லையப்பா! நிஸ்தாரைக் கேளும்!"

"நிஸ்தாரை நான் பிறகு கேக்கிறன். அளவு நாடாவைத் தாங்கோ."

அவர் கதிரை ஒன்றில் ஏறி மேல் உத்தரத்தில் இருந்த இரண்டு வெற்றுக் குழிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தார். பிறகு குனிந்து, நிலத்தோடு கிடந்த அடிமரத்தின் தூசியைக் கையால் துடைத்தார். அங்கேயும் இரண்டு குழிகள், பழைய சாந்து அடைத்துக் கிடந்தன. அளந்தார்.

"மேல முப்பத்தொன்பதரை. கீழ முப்பத்தொன்பதரை." இன்னொரு தரம் இரண்டையும் அளந்தார். மாறவில்லை. பிறகு நடுவில், இரண்டு குழிகளுக்கும் இடையில், அடிமரத்தின் முதுகைத் தடவினார். அது கரண்டிபோலக் குழிந்திருந்தது. வேறெங்கும் அப்படி இல்லை. "இதில ஆக்கள் மிதிச்சிருக்கினம். நெடுங்காலம் மிதிச்சிருக்கினம்."

வாகீசனும் குனிந்து அந்தக் குழிவைத் தடவிப் பார்த்தார்.

"மேல ரெண்டு, கீழ ரெண்டு, நடுவில தேய்ஞ்ச படி. இது கதவு," என்றார் புனிதவதி எழுந்து கையைத் தட்டிக்கொண்டு. "வீட்டுக்கு வாசல் இதுதான். நீங்கள் தூண் பொய், தூண் பொய் எண்டு துளைச்சீங்கள். தூண் உண்மை. உங்கட வாசல்தான் பொய்."

அந்த இடத்தில் நின்று பார்த்தால் தூண் நேரே இல்லை. நாலடி இடப்பக்கம் ஒதுங்கி, விருந்தாளிக்கு வழிவிட்டு நிற்கிற வீட்டுக்காரன்போல நின்றது.

சுபாங்கி மறுநாளே வந்தாள். அவள் அந்தக் குழிகளைக் கண்டதும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நகரசபையில் இருந்த பழைய வரைபடங்களைத் தேடிப் பார்த்து விபரமும் கொண்டுவந்தாள். கிறிம்வூட் காலத்தில் பண்ணைப்பாதை கிழக்கால்தான் வந்திருக்கிறது. எண்பதுகளில் வயலைத் துண்டு போட்டு விற்றபோது வீதி மேற்கால் வந்தது. அப்போதைய சொந்தக்காரர் பழைய வாசலை அடைத்துவிட்டு, முகப்பின் நட்டநடுவில், அழகுக்காக, புதுக்கதவு வெட்டியிருக்கிறார். உள்ளே ஒரு தூண் நிற்பதை வெளியே நின்று வெட்டியவருக்கு யாரும் சொல்லவில்லை.

"அங்கிள், பழைய வாசலைத் திரும்பத் திறக்கிறதெண்டா, தற் இஸ் றெஸ்ரொறேஷன். எங்கட ஆக்கள் ரொம்ப விரும்புவினம். இப்ப இருக்கிற கதவை ஜன்னலாக்குவம். சில பேர் வருசக் கணக்கா என்னோட சண்டை பிடிச்சுப் பழசை உடைக்கப் பாக்கினம். நீங்க என்னெண்டா..."

"அவவுக்குச் சொல்லும்," என்றார் வாகீசன், மனைவியைக் காட்டி.

"அன்ரி, யூ ஆர் அமேசிங். கிழக்குப் பக்கம் ஏன் வைச்சான் தெரியுமோ? இஞ்ச மேற்குக் காத்துத்தான் மோசம். வின்ரர் காத்து உள்ள வராமல் இருக்க."

"இருக்கலாம் பிள்ளை," என்றார் புனிதவதி பெருந்தன்மையோடு. "எங்கட ஆக்கள் உதுக்கு வேற பேர் வைச்சிருக்கினம்."

பாரம்பரியப் பிரிவும் வாஸ்துவும் ஒரே கதவுக்காக விண்ணப்பம் போட்டது ரொறன்ரோவில் அடிக்கடி நடப்பதாகத் தெரியவில்லை. அனுமதி ஐந்து கிழமையில் வந்தது. வாகீசனும் நிஸ்தாரும் புது நிலைகளை ஓக்கில் செய்து அந்த வெற்றுக் குழிகளுக்குள் இறக்கினார்கள். இம்முறை துளைகளை அளந்து, கவனமாக, கால் இஞ்சி பிழையாகப் போட்டார்கள்.

*

பால் காய்ச்சினது ஓகஸ்ட் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை எட்டரைக்கு. அழைத்தது நாற்பது பேரை. நாற்பது பேரும் வீதிப்பக்கம் வந்து, கதவு இருந்த இடத்தில் புது ஜன்னலைக் கண்டு, திகைத்து நின்றார்கள். ரெக்ஸ்டேல் தங்கச்சி வெளியில் நின்று போன் எடுத்தார்.

"அக்கா, வாசல் எங்க?"

"சுத்தி வா!"

"சுத்தி எண்டால்?"

"வேலிக்கும் வீட்டுக்கும் நடுவில ஒரு ஒழுங்கை கிடக்கு. அதால வா. சீலை வேலியில படாமல்."

ஒருவர்பின் ஒருவராக, பட்டுச் சீலையும் பலகாரத் தட்டமுமாக, பக்கத்து வீட்டுக்காரரின் மரவேலியை உரசிக்கொண்டு ஊர்வலம் வந்தது. இரண்டு மாமாமார் இது எந்த ஊர்ப் பழக்கம் என்று முறைப்பட்டுக்கொண்டே வந்தார்கள். கிழக்கு வாசலால் உள்ளே கால் வைத்ததும் முறைப்பாடு நின்றது. காலை வெயில் அவர்களுக்கு முன்னால் உள்ளே போய், சுரண்டித் துடைத்த உத்தரத்திலும் தூணிலும் விழுந்து, தேன்நிறமாகக் கிடந்தது. "உது உண்மை மரமோ?" என்று ஒருவர் கேட்டார். நிஸ்தார், "துளைச்சுப் பாத்தாச்சு," என்றார்.

வாகீசன் இவர்களோடு இருக்கவில்லை. கூடத்தில் வைத்திருந்த சிறிய காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அந்த வீட்டின் நிலம் தென்மேற்காகச் சரிந்திருந்தது. நூற்றெழுபது வயதில் யார்தான் நேராக நிற்கிறார்கள். அந்தச் சரிவில் பால் பொங்கினால் தென்மேற்காகத்தான் வழியும். பால் கிழக்கால் அல்லது வடக்கால் வழியவேண்டும் என்பது புனிதவதி வாயால் சொல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விருப்பம். இரண்டு மாதமாக உண்மையோடு வாழ்ந்து களைத்துப்போன வாகீசன், அடுப்பின் தென்மேற்குப் பக்கத்து இரண்டு கால்களுக்குக் கீழே மெல்லிய சீடார் மர ஆப்பு ஒன்றைச் செருகி, மேலே வாழையிலைத் துண்டால் மறைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல எழும்பி நின்றார்.

புனிதவதி புதுப்பானையோடு வந்தார். பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு, பழக்கம் யாரை விட்டது, தலையைச் சரித்து, பாலின் விளிம்பு பானையில் எங்கே முட்டுகிறது என்று ஒருதரம் பார்த்தார். இன்னொருதரமும் பார்த்தார். கண் மெல்லக் கீழே இறங்கி வாழையிலைத் துண்டில் வந்து நின்றது. வாகீசன் கூரையைப் பார்த்தார். பார்க்க அங்கே நல்ல உத்தரம் இருந்தது.

சுற்றிவர நாற்பது பேர் பால் எப்போது பொங்கும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். புனிதவதி சீலைக் கொய்யகத்தை ஒருகையால் சற்றே தூக்கி, யாருக்கும் தெரியாமல், கால் பெருவிரலால் அந்த ஆப்பை இன்னும் ஒரு இஞ்சி உள்ளே தள்ளினார்.

பால் நுரைத்து எழும்பிக் கிழக்கால் வழிந்தது.